பேட்டரி வரைந்த நோட்டு

ரேஷன் கார்டு, நகைக்கடன் ரசீது, பிள்ளைகளின் சாதிச் சான்றிதழ் எல்லாம் போட்டு வைத்திருந்த மஞ்சப்பையிலிருந்து அந்த நோட்டை எடுத்துக் கொடுத்தார் அந்த அம்மா. தொப்பம்பட்டிப் பக்கம் ஒரு தோட்டத்து வீடு. 2020 செப்டம்பரில் அவருடைய மகன் ஒன்றாம் வகுப்பு. பள்ளிக்கூடத்து வாசலைக்கூடச் சரியாகப் பார்க்காமல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த தலைமுறை அது.

நோட்டைத் திறந்தேன். முதல் பக்கத்தில் அ, ஆ, இ. பென்சிலை அழுத்திப் பிடித்து எழுதியிருந்தான். எழுத்துகளுக்கு மேலே, பக்கத்தின் இடது ஓரத்தில் ஓர் அம்புக்குறி. அதற்குப் பக்கத்தில் அவனுடைய மிஸ்ஸின் பெயர், கோணல் மாணலாக. அதன் கீழே 9:42. வலது ஓரத்தில் பாதி கறுப்படித்த ஒரு சின்னப் பெட்டி. அது என்ன என்று எனக்குப் புரியச் சிறிது நேரம் ஆயிற்று. செல்போனின் பேட்டரி. மிஸ் கரும்பலகையைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார். திரையில் தெரிந்ததை எல்லாம் பையன் அப்படியே பார்த்து எழுதியிருக்கிறான். எது பாடம், எது போன் என்று அவனுக்குச் சொல்ல அந்த நேரத்தில் பக்கத்தில் யாரும் இல்லை.

"நான் அடுப்படியில இருந்தேனுங்க. பையன் சத்தமில்லாம எழுதுறானேன்னு சந்தோஷமா இருந்துச்சு" என்றார் அந்த அம்மா. பத்துப் பன்னிரண்டு பக்கங்கள் புரட்டினேன். ஒவ்வொரு பக்கத்திலும் பேட்டரி இருந்தது. சில நாள் நிறைந்திருந்தது, சில நாள் தீரும் தறுவாயில் இருந்தது.

ஆன்லைன் வகுப்பால் நன்மையா, தீமையா என்ற கேள்வியைப் பட்டிமன்றங்களில் நிறையக் கேட்டிருக்கிறோம். இந்த நோட்டைப் பார்த்த பிறகு அந்தக் கேள்வியை வேறு மாதிரிக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. யாருக்கு நன்மை, எந்த வயதில், பக்கத்தில் யார் இருக்கும்போது?

தொப்பம்பட்டி பழனிக்கு வடக்கே, தாராபுரம் திசையில் விரியும் சமவெளி. தெற்கே திரும்பினால் கொடைக்கானல் மலை நீலமாகத் தெரியும். ஊராட்சி ஒன்றியத்துக்கு இந்த ஊர் பெயர்தான். மக்காச்சோளம், வெங்காயம், முருங்கை என்று விளைவதெல்லாம் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போய்ச் சேரும். வெயில் ஏறும் முன் காட்டு வேலைக்குக் கிளம்புகிறவர்களும் மில் வேனுக்குக் காத்து நிற்கும் பெண்களும்தான் இங்கே பெரும்பாலான வீடுகளில். பகலில் பெரியவர்கள் வீட்டில் இருக்க மாட்டார்கள். பெரியவர்கள் இல்லாத வீட்டில் போனும் இருக்காது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு பெருந்தொற்றின் அந்த இரண்டு ஆண்டுகளைத் திரும்பிப் பார்க்க வேண்டும்.

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டன. ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்குத் தமிழ்நாட்டில் மறுபடி கதவு திறந்தது 2021 நவம்பர் 1 அன்று. பத்தொன்பது மாதங்களுக்கு மேல். தனியார் பள்ளிகள் ஜூம், கூகுள் மீட் என்று நேரலை வகுப்புகளுக்குப் போயின. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடப்புத்தகம் கையில் கொடுத்து, 2019 ஆகஸ்டில் தொடங்கியிருந்த கல்வித் தொலைக்காட்சியில் பாடங்களை ஒளிபரப்பினார்கள். அரசு கேபிளில் 200ஆம் சேனல். அதற்கு நெட் வேண்டாம், ரீசார்ஜ் வேண்டாம். அந்த வகையில் நல்ல யோசனைதான். பல ஆசிரியர்கள் யாரும் சொல்லாமலே தங்கள் சொந்தப் போனில் வாட்ஸ்அப் குரூப் ஆரம்பித்து, இரவு பத்து மணிக்கும் நோட்டுப் படங்களைத் திருத்திக்கொண்டிருந்தார்கள். அந்த உழைப்பை யாரும் குறைத்துப் பேசக் கூடாது. இரவு பத்து மணிக்கு ஏன் என்றால், அப்பா வேலை முடிந்து வீடு வந்த பிறகுதான் பிள்ளை கையில் போன் கிடைக்கும்.

'அசர்' கல்வி ஆய்வு 2021இல் நாட்டின் கிராமங்களில் எடுத்த கணக்கு இதையே சொல்கிறது. பள்ளிப் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் 67.6 சதவீதம் வீடுகளில் ஸ்மார்ட்போன் இருந்தது. ஆனால், போன் இருந்த அந்த வீடுகளிலேயே நூற்றுக்கு 26 பிள்ளைகளுக்கு அதைத் தொடவே வாய்ப்பில்லை. வீட்டில் ஒரு போன், பிள்ளைகள் இரண்டு என்றால் யார் கைக்குப் போகும்? பத்தாவது படிப்பவருக்கு முதலில், ஒன்றாவது கடைசியில். அக்காவும் தம்பியும் என்றால் பல வீடுகளில் வயதுக் கணக்கும் மாறிப்போகும். இதை எழுதவே எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. ஆனால் கேட்ட வீடுகளில் எல்லாம் இதே பதில்தான்.

ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு வாசிப்பு எப்படி வருகிறது என்பதை அருகில் இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். டீச்சர் எழுத்தின் மேல் விரல் வைக்கிறார். பிள்ளை டீச்சரின் வாயைப் பார்க்கிறது. 'ப' என்று சொல்லும்போது உதடு ஒட்டுவதைப் பார்த்துத் தன் உதட்டை ஒட்டுகிறது. தப்பாகச் சொன்னால் டீச்சர் உடனே திரும்பிப் பார்க்கிறார். பக்கத்துப் பிள்ளை சரியாகச் சொல்லும்போது காதில் விழுகிறது. இதெல்லாம் ஒரு நிமிடத்துக்குள் நடந்து முடிகிறது. திரையில் விரல் இல்லை. உதடு தபால்தலை அளவு. பிள்ளை மியூட்டில் இருக்கிறது. அது தப்பாகச் சொன்னது அதற்கும் தெரியாது, டீச்சருக்கும் தெரியாது.

பலன் என்ன ஆயிற்று என்பதற்கும் கணக்கு இருக்கிறது. தமிழ்நாட்டுக் கிராமங்களில் மூன்றாம் வகுப்பில் படித்தவர்களில், இரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தடுமாறாமல் வாசித்தவர்கள் 2018இல் 10.2 சதவீதம். 2022இல் 4.8. பத்து என்பதே நாம் தலைகுனிய வேண்டிய எண். அது பாதிக்கும் கீழே போயிற்று. ஒன்றாம் வகுப்பையும் இரண்டாம் வகுப்பின் தொடக்கத்தையும் கண்ணால் பார்க்காமல் மூன்றாம் வகுப்புக்கு வந்த பிள்ளைகள் இவர்கள்.

ஒன்றிய அரசு 2020 ஜூலையில் வெளியிட்ட 'பிரக்யதா' வழிகாட்டியில் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை ஒரு நாளைக்கு இரண்டே அமர்வுகள், ஒவ்வொன்றும் 30 முதல் 45 நிமிடம் என்று வரம்பு போட்டிருந்தார்கள். கண்ணுக்கும் மனசுக்கும் அது நல்லது. நகரத்தில் காலை எட்டரையிலிருந்து மதியம் வரை பிள்ளைகளைத் திரைமுன் உட்கார வைத்த பள்ளிகள் அதை மதிக்கவில்லை என்று அன்று பெற்றோர் புலம்பினார்கள். தொப்பம்பட்டிப் பக்கத்துப் புலம்பல் அதற்கு நேர் எதிர். இங்கே ஒரு நாளைக்கு அரை மணி நேரம்கூடக் கிடைக்கவில்லை.

திண்ணையில் ஒரு டீச்சர்

பேட்டரிப் பையன் இப்போது ஆறாம் வகுப்பு. நன்றாக வாசிக்கிறான். எப்படி வந்தது என்று அவன் அம்மாவைக் கேட்டால் கையை நீட்டித் தெருக்கோடியைக் காட்டுகிறார். "அந்த அக்கா வீட்டுத் திண்ணைதானுங்க."

2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தைத் தொடங்கி வைத்தார். ஊரில் படித்த ஒருவர், பெரும்பாலும் பெண்கள், மாலையில் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் பக்கத்துத் தெருப் பிள்ளைகளைச் சேர்த்து உட்கார வைத்துச் சொல்லித் தர வேண்டும். மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை. சுமார் இரண்டு லட்சம் தன்னார்வலர்கள் வந்தார்கள். பெருந்தொற்றுக் காலத்தின் கற்றல் இழப்புக்கு அரசு கண்டுபிடித்த மருந்து புது செயலியோ புது சேனலோ இல்லை. தெருவில் ஓர் ஆள். அரசாங்கம் எடுத்த முடிவுகளில் என் மனத்துக்கு மிக நெருக்கமான ஒன்று இது.

அந்த அக்கா பிளஸ் டூ முடித்தவர். கல்யாணமாகி நான்கு வயதில் ஒரு பெண் குழந்தை. பேட்டரிப் பையன் முதல் நாள் அவரிடம் நோட்டைக் காட்டியிருக்கிறான். "பார்த்ததும் சிரிப்பு வந்துருச்சுங்கண்ணா. அப்புறம் ராத்திரி தூக்கமே வரல" என்றார். மறுநாள் அவனை மடியோடு சேர்த்து உட்கார வைத்து, விரலைப் பிடித்து 'அ'விலிருந்து ஆரம்பித்தார். ஐந்து வாரத்தில் அவன் ரேஷன் கடைப் பலகையை எழுத்துக் கூட்டி வாசித்தான்.

இத்தோடு நிறுத்தியிருந்தால், ஆன்லைன் வகுப்பே வேண்டாம் என்று எழுதிவிட்டுப் போயிருப்பேன். ஆனால் இதே அக்காதான் இந்த ஊரில் ஆன்லைன் வகுப்பால் அதிகம் பயனடைந்தவர்.

அவர் குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறார். இருநூறு கேள்விகள், முந்நூறு மதிப்பெண். தமிழில் நூறு கேள்விகளும் பொது அறிவில் எழுபத்தைந்தும் அவருக்குப் பயமில்லை. மீதி இருபத்தைந்து, கணக்கு. அதுதான் காலை வாருகிறது. கோச்சிங் சென்டருக்குப் போவதென்றால் பழனிக்கோ திண்டுக்கல்லுக்கோ பஸ் ஏற வேண்டும். கட்டணம், பஸ் காசு, குழந்தையை யாரிடம் விடுவது, மாமியார் என்ன சொல்வார் என்று வரிசையாக நிற்கும் தடைகள். அவற்றை எல்லாம் தாண்டி அவரிடம் வந்து சேர்ந்தது யூடியூப் வகுப்பு. கணவர் ராத்திரி காய் லோடு ஏற்றிக்கொண்டு ஒட்டன்சத்திரம் போகும்போது போனும் கூடவே போகும். அதனால் பகலில், குழந்தை தூங்கும் நேரத்தில் பார்க்கிறார். டேட்டா தீர்ந்துவிடும் என்று காலையிலேயே டவுன்லோடு செய்து வைக்கிறார். லாப நட்டக் கணக்கு வீடியோவை நான்கு முறை பார்த்தாராம்.

"பள்ளிக்கூடத்துல இதே கணக்க நாலு தடவ கேட்டிருந்தா எல்லாரும் சிரிச்சிருப்பாங்க. இங்க நிறுத்தி நிறுத்திக் கேட்கலாம். யாருக்கும் தெரியாது."

பதிவு செய்யப்பட்ட வகுப்பின் பெரிய வரம் எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். கூச்சப்படாமல் மறுபடி கேட்கலாம். வகுப்பில் பின்வரிசையில் உட்கார்ந்து, புரியாமலே புரிந்தது என்று தலையாட்டிய எத்தனையோ பேருக்கு இது இரண்டாவது வாய்ப்பு. காது சரியாகக் கேட்காதவர்கள் சத்தத்தைக் கூட்டிக்கொள்கிறார்கள். பிரசவத்துக்குப் பிறகு வீட்டோடு இருக்கும் பெண் கல்லூரிப் பாடத்தைத் தொடர்கிறாள்.

தூரத்திலிருந்து படிப்பது நம் பக்கத்துக்குப் புதிதில்லை. மதுரைப் பல்கலைக்கழகம் 1971இல் அஞ்சல்வழிக் கல்வியை ஆரம்பித்தது. தபால்காரர் கொண்டுவந்த பழுப்புக் கவரில் பாடம் படித்து பி.ஏ. வாங்கிய கண்டக்டர்களும் கிராம நிர்வாக அலுவலர்களும் இந்த மாவட்டத்தில் ஏராளம். சனி ஞாயிறுகளில் நடக்கும் நேர்முக வகுப்புக்கு வேட்டி கட்டிக்கொண்டு போய்வந்த தன் அப்பாவைப் பற்றி ஒருவர் என்னிடம் பெருமையாகச் சொன்னார். அந்த நேர்முக வகுப்பு என்ற ஏற்பாட்டை வாசகர்கள் மறக்க வேண்டாம். தபாலில் பாடம் அனுப்பினாலும், வருடத்தில் சில நாளாவது ஆசிரியர் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று அன்றே தெரிந்து வைத்திருந்தார்கள்.

இன்றைக்குக் கிடைப்பது அதைவிடப் பல மடங்கு. ஐஐடிகளும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003இல் தொடங்கிய என்பிடெல் வகுப்புகளை யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். சான்றிதழ் வேண்டுமென்றால் மட்டும் ஆயிரம் ரூபாய் கட்டி, மையத்துக்குப் போய்த் தேர்வு எழுத வேண்டும். 2017இல் வந்த ஸ்வயம் தளத்தின் பாடங்களைக் கல்லூரிகள் மதிப்பெண் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். ஒரு பருவத்தின் பாடங்களில் 40 சதவீதம் வரை இப்படிப் படிக்க யுஜிசி 2021இல் வழி செய்தது. சென்னை ஐஐடி 2020 ஜூனில் அறிவித்த டேட்டா சயின்ஸ் படிப்புக்கு ஜேஇஇ தேவையில்லை. தகுதித் தேர்வில் தேறினால் சேரலாம். குடும்ப வருமானத்தையும் சமூகப் பிரிவையும் பொறுத்துக் கட்டணச் சலுகை 75 சதவீதம் வரை உண்டு. பழனியாண்டவர் கல்லூரியில் பட்டம் படித்துக்கொண்டே இந்தப் படிப்பையும் சேர்த்துப் படிக்க ஒரு பிள்ளைக்கு இன்று வழி இருக்கிறது. என் காலத்தில் ஐஐடி என்பது செய்தித்தாளில் மட்டும் பார்த்த பெயர்.

இங்கே ஒரு முள் இருக்கிறது. நல்ல பாடங்களில் பெரும்பகுதி ஆங்கிலத்தில். தமிழ் மொழிபெயர்ப்புகள் வந்துகொண்டிருக்கின்றன, போதாது. தமிழ்வழியில் படித்துவிட்டு வந்த பெண் வீடியோவின் வேகத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு, ஒரு கையில் அகராதியோடு பாடம் கேட்பதைப் பார்த்திருக்கிறேன். பாதி நேரம் மொழிக்கே போய்விடுகிறது.

சேர்ந்தவர் எத்தனை, முடித்தவர் எத்தனை?

2011இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் செயற்கை நுண்ணறிவுப் பாடம் ஒன்றை உலகுக்கே இலவசமாகத் திறந்துவிட்டது. ஒரு லட்சத்து அறுபதாயிரம் பேர் சேர்ந்தார்கள். கடைசி வரை நின்று முடித்தவர்கள் இருபதாயிரம் சொச்சம். அந்தப் பாடத்துக்கு அதுவே நல்ல கணக்கு. பின்னால் வந்த பெரும்பாலான திறந்தநிலை வகுப்புகளில் நூற்றுக்குப் பத்துப் பேர் முடித்தாலே அதிகம் என்று ஆயிற்று. முடித்தவர்கள் யார் என்று பார்த்தால், ஏற்கெனவே ஒரு பட்டம் வாங்கி, படிப்பதெப்படி என்று பழகியவர்களே மிகுதி. இருப்பவனுக்கு இன்னும் சேர்க்கிறது, இல்லாதவனுக்கு எட்டாமல் நிற்கிறது.

இந்த இடைவெளியில்தான் வியாபாரம் நுழைந்தது. பெருந்தொற்றில் பயந்துபோன பெற்றோரின் பயமே முதலீடு. 2022இல் 22 பில்லியன் டாலர் மதிப்பு என்று கொண்டாடப்பட்ட பைஜூஸ் மீது 2024 ஜூலையில் திவால் நடவடிக்கை தொடங்கியது. அது நாடறிந்த பெயர். என் வீட்டில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். 2021இல் என் மகளுக்காக ஒரு நிறுவனத்தின் ஆன்லைன் வகுப்பில் பணம் கட்டினேன். பெயர் வேண்டாம். வீட்டுக்கு வந்த பையன் இனிமையாகப் பேசினான், மாதத் தவணை என்றான், போனில் வந்த ஓடிபியைச் சொன்னேன். நான் கையெழுத்து வைத்தது கட்டணத்துக்கு இல்லை, கடனுக்கு என்பது மூன்றாம் மாதம்தான் தெரிந்தது. மகள் பார்ப்பதை நிறுத்திப் பதினான்கு மாதங்கள் தவணை மட்டும் ஓடியது. மாதச் சம்பளக்காரனான எனக்கே இந்த நிலை. வெங்காய விலையை நம்பி வாழும் வீடு என்ன ஆகும்? ஓடிபி சொல்வதற்கு முன், 'இது கட்டணமா, கடனா' என்ற ஒரு கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும்.

கைத்தொழில் படிப்பையும் விட்டுவிட முடியாது. இதே திண்டுக்கல் மாவட்டத்தில்தான் டி.எஸ்.சௌந்தரமும் ஜி.ராமச்சந்திரனும் 1947இல் காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள். கையால் செய்து கற்பதே கல்வியின் உயிர் என்ற காந்தியின் எண்ணத்தில் எழுந்த இடம் அது. ஊரடங்கு ஆண்டுகளில் பாலிடெக்னிக் படித்த ஒரு பையன் லேத் மெஷினை வீடியோவில் மட்டுமே பார்த்துப் பாஸானான். வேலைக்குப் போன இடத்தில் முதல் நாள் இரும்பின் சூடு கையில் பட்டபோதுதான், தனக்கு எதுவும் தெரியாது என்பது தெரிந்ததாம்.

என் வேண்டுகோள் ஒன்றே ஒன்று. 2006இல் வந்த அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிக்கு இருபது லட்சம் ரூபாய் ஒதுக்கி, மற்ற பணிகளோடு ஊருக்கொரு நூலகம் கட்டினார்கள். பல ஊர்களில் அந்தக் கட்டடத்தில் பூட்டு தொங்குகிறது. மாநிலத்தின் எல்லா ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழைக் கேபிள் கொண்டுபோகும் திட்டமாக வந்தது பாரத்நெட். நகராட்சிகளில் நூலகத்தோடு அறிவுசார் மையம் கட்டித் திறக்கிற அரசு, ஊராட்சியில் பூட்டிக் கிடக்கும் அந்த அறைக்கு அந்தக் கேபிளை இழுத்து, நான்கு கம்ப்யூட்டர், ஒரு மின்விசிறி, மாலை ஐந்திலிருந்து ஒன்பது வரை சம்பளத்துக்கு ஓர் ஆள் என்று போட்டால் போதும். போன் அப்பாவோடு ஒட்டன்சத்திரம் போனாலும் பாடம் ஊரிலேயே இருக்கும். பெண் பிள்ளை போனை வைத்துக்கொண்டு தனியாக என்ன செய்கிறாள் என்ற சந்தேகப் பேச்சும் எழாது. அந்த ஆளுக்கு எல்லாப் பாடமும் தெரிய வேண்டியதில்லை. புரியாத முகத்தைப் பார்த்ததும் கண்டுபிடிக்கத் தெரிந்தால் போதும்.

கிளம்பும் நேரத்தில் அந்த அக்கா, "ஒரு நிமிஷங்கண்ணா" என்று உள்ளே போய்த் தினசரிக் காலண்டரின் பழைய தாள்களை எடுத்து வந்தார். கிழித்த தாள்களின் பின்பக்கத்தில் வரிசையாக எண் போட்டு எழுதியிருந்தது. வீடியோவைப் பார்த்துவிட்டுக் கேட்க முடியாமல் போன சந்தேகங்கள். பதினேழு இருந்தன. யாராவது கணக்குத் தெரிந்தவர் ஊருக்கு வந்தால் கேட்கலாம் என்று சேர்த்து வைத்திருக்கிறார்.

"இந்த மூணாவது மட்டும் பாருங்க. கூட்டு வட்டி. அரையாண்டுக்கு ஒரு தடவ வட்டி சேர்த்தா, வட்டிய பாதியாக்கி வருஷத்த ரெண்டு மடங்காக்கணும்னு அந்த சார் சொல்றாருங்க. நாலு தடவ கேட்டுட்டேன். அப்படித்தான் போடணும்னு சொல்றாரு, ஏன்னு சொல்ல மாட்டேங்கறாரு. உங்களுக்குக் கணக்கு வருமாங்கண்ணா?"

பள்ளியை விட்டு முப்பது வருடம் ஆகிறது. பேனாவை வாங்கிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்தேன். ஆயிரம் ரூபாய், பத்து சதவீதம், முதல் ஆறு மாதம் என்று ஆரம்பித்தேன். பேட்டரிப் பையன் வந்து என் தோள்பக்கம் எட்டிப் பார்த்தான். "ஆறு மாசத்துக்கு ஐம்பது ரூபா தானுங்க?" என்றான். அக்கா ஒரு கணம் தாளைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். பிறகு என் கையிலிருந்து பேனாவை வாங்கி, ஆயிரத்து ஐம்பது என்று அடுத்த வரியை அவரே எழுதினார்.